படியும் பாடபேதமும்: வாவிக்கரையில் சதாசகாய மாதா படம் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே குருக்கள்மடத்தை அடுத்து அமைந்திருப்பது செட்டிபாளையம். கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் எழுவான்கரை மணற்பரப்பின் ஊர்களுள் அது ஒன்று. கண்ணகி வழிபாட்டின் பழைய நிலைக்களங்களை வரிசைப்படுத்தும் ஊர்சுற்றுக் காவியம் செட்டிபாளையத்தையும் எண்ணிச் செல்கின்றது. அவ்வூருக்குச் சற்றுத் தெற்கே தேற்றாத்தீவில் புனித யூதாததேயு ஆலயம் உள்ளது. வாவிக்கு அப்பால், படுவான்கரையின் உட்புறத்தே, ஆயித்தியமலையில் சதாசகாய மாதா திருத்தலம் உள்ளது. ஆண்டுதோறும் செப்டெம்பர் மாத முற்பகுதியில் நடைபெறும் அத்தலத்தின் திருவிழாவுக்குப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் கால்நடையாகச் செல்வர். கண்ணகியைத் தாயாகக் கொண்ட நிலத்தில் மற்றொரு தாயின் படம் குடிகொண்டிருப்பதை இப்பிரதேசத்தின் பண்பாட்டு வரலாற்றை ஆராய்வோர் எளிதிற் கடந்துவிட முடியாது.

அப்படம் மத்தியகாலக் கிறிஸ்தவ ஓவியம் ஒன்றின் படி. அதன் மூலம் எனப்படும் பலகை றோமாபுரியில் இருக்கின்றது. அதன் வழிவந்த எண்ணற்ற படிகள், கையால் வரையப்பட்டும் அச்சிடப்பட்டும், உலகெங்கும் பரந்துள்ளன. அவ்வாறான படிகளைப் பற்றி நம்மிடையே இருவகை அலட்சியம் நிலவுகின்றது. முதலாவது, கலை விமர்சகரின் அலட்சியம். 'படைப்பு' என்பதைத் தனியொருவரின் புத்தாக்கமாக மட்டும் காணும் அவர்கள், பார்த்து வரைந்த படத்தைக் கலை என்ற வரம்புக்குள்ளேயே அனுமதிப்பதில்லை. அதிலும் அது ஐரோப்பியச் சமயப் படமாயின், குடியேற்ற ஆட்சிக்கால மனப்பான்மையின் எச்சம் என்ற ஒரு சொல்லோடு விசாரணையை முடித்துக்கொள்வர். இரண்டாவது, பயன்படுத்துவோரின் அலட்சியம். நிறம் மங்கிய கைவரைபடத்தைக் கழற்றிவிட்டுப் பளபளப்பான கணினி அச்சுப்படத்தை மாட்டுவதைப் புதுப்பித்தல் என்று கருதுவோர் அனைத்துச் சமயத்தாரிடையும் உளர்.

இவ்விரு அலட்சியங்களும் வெவ்வேறு திசைகளிலிருந்து வருவன. ஆயினும் அவை நிற்கும் தளம் ஒன்றே. மூலம் ஒன்றுக்கே பெறுமதி உண்டு, படி என்பது அதன் குறைந்த வடிவம், எனவே ஒரு படியை மற்றொரு படியால் நட்டமின்றி ஈடுசெய்யலாம் என்பதே அத்தளம். அது பிழையானது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு நாம் ஐரோப்பியக் கலைக்கொள்கையை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. ஏட்டுச்சுவடிகளைப் பேணிய நமது மரபே அதற்குரிய கருவியை நமக்குத் தந்துள்ளது.

1. மூலம் என்பது யாது?

றோமாபுரிப் பலகை அளவிற் சிறியது. ஏறத்தாழ 54 சென்ரிமீற்றர் உயரமும் 41 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டது. பொன்னிறப் பின்னணியிலே தாய் இடைவரை தெரிகின்றாள். அவளது இடக்கரத்திற் குழந்தை. மேலே இரு மருங்கிலும் இரு சம்மனசுகள். பார்ப்போரின் இடப்புறத்து மிக்கேல் ஈட்டியும், கடற்பஞ்சு செருகிய கோலும், காடிப் பாத்திரமும் ஏந்தியுள்ளார். வலப்புறத்துக் கபிரியேல் சிலுவையும் ஆணிகளும் ஏந்தியுள்ளார். தன்னை வதைக்கப்போகும் கருவிகளைக் குழந்தை கண்டுவிட்டது. கழுத்தைத் திருப்பி அவற்றைப் பார்த்தவாறே இரு கைகளாலும் தாயின் வலக்கையைப் பற்றிக்கொள்கின்றது. ஓடிவந்த வேகத்திலோ அச்சத்திலோ ஒரு காலின் செருப்பு வார் அவிழ்ந்து தொங்குகின்றது. தாயோ குழந்தையையும் நோக்கவில்லை, கருவிகளையும் நோக்கவில்லை; நம்மை நோக்குகின்றாள். அப்படத்தின் ஆற்றல் முழுவதும் இப்பார்வையிலும் அத்தொங்கும் செருப்பிலுமே அடங்கியுள்ளது எனின் மிகையாகாது.

இவ்வமைப்பு அப்பலகையை வரைந்தவரின் கண்டுபிடிப்பன்று. சைப்பிரசுத் தீவின் லகுதேரா என்னும் ஊரிலுள்ள கோயிலில் 1192இல் தீட்டப்பட்ட சுவரோவியத்திலேயே, வதைக் கருவிகளை ஏந்திய சம்மனசுகள் தாயையும் சேயையும் சூழ நிற்பதைக் காணலாம். 1453இல் கொன்ஸ்தாந்திநோப்பிள் வீழ்ச்சியுற்றதன் பின்னர் கிரேக்க ஓவிய மரபின் முதன்மையான நிலைக்களமாக விளங்கியது வெனிசுக்காரரின் ஆட்சியிலிருந்த கிரேத்துத் தீவு. அத்தீவின் ஓவியரான அந்திரெயாஸ் றிற்சோஸ் பதினைந்தாம் நூற்றாண்டிலே இவ்வமைப்பைச் செம்மைப்படுத்திப் பலமுறை வரைந்தார். அவருக்குப் பின்வந்தோர் அதனைப் படியெடுத்தனர். றோமாபுரிப் பலகையும் அக்கிரேத்துப் பள்ளி வழிவந்த ஒன்றாகவே ஆய்வாளராற் கருதப்படுகின்றது. ஆகவே நாம் 'மூலம்' என்று வழங்குவது ஒரு நீண்ட படிவரிசையின் நடுவே நிற்கும் ஒரு படியே.

இவ்விடத்திற் பொருளாதார வரலாறு தரும் சான்று ஒன்று மிகுந்த பயனுடையது. 1499ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அப்பலகை றோமாபுரியின் புனித மத்தேயு ஆலயத்தில் நிறுவப்பட்டதாக மரபு கூறும். அதே ஆண்டிலே கிரேத்தின் தலைநகரான கந்தியாவில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. வணிகர் இருவர் ஓவியர் மூவரிடம் மாதா படங்கள் எழுநூறு வரைந்து தருமாறு கேட்கின்றனர். அவற்றுள் 500 இலத்தீன் பாணியிலும் 200 கிரேக்கப் பாணியிலும் அமைதல் வேண்டும். தவணையோ ஏறத்தாழ 45 நாள். கணக்கிட்டுப் பார்ப்பின் ஓவியர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து படங்களுக்கு மேல் விழுகின்றது. பலகை சீவுவோர், வெண்பூச்சுப் பூசுவோர், பொற்றகடு ஒட்டுவோர், உடை தீட்டுவோர், முகம் தீட்டுவோர் என வேலைப்பிரிவினை இன்றி இது இயலாது. கொள்வோரின் சமயப் பிரிவுக்கேற்பப் பாணியை மாற்றித் தரும் சந்தை உணர்வும் அங்கு இருந்தது. மோனத்தில் ஆழ்ந்து தனியொரு துறவி வரைந்த தெய்விகப் படைப்பு என்ற கற்பனைக்கும் இவ்வாவணம் காட்டும் பட்டறைக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரிது. மத்தியகாலத்தின் அந்தியிலே இத்தகைய படங்கள் கையால் இயன்ற மறுவுற்பத்திப் பொருள்களாகவே தோன்றின.

2. புகழைத் தந்தது எது?

படிகளின் பெருக்கம் மூலத்தின் ஒளியைக் குறைத்துவிடும் என்ற கருத்து நவீன விமர்சனத்தில் வேரூன்றியது. இதனைக் கோட்பாட்டு நிலையில் ஆழமாக ஆராய்ந்தவர் ஜெர்மானிய மார்க்சிய விமர்சகரான வால்ற்றர் பெஞ்சமின். இயந்திரவழி மறுவுற்பத்தி பற்றி 1936இல் வெளியான அவரது கட்டுரை, ஓரிடத்தில் ஒருமுறை மட்டும் நிற்கும் கலைப்பொருளுக்குரிய ஒளிவட்டம் அச்சினாலும் ஒளிப்படத்தினாலும் திரைப்படத்தினாலும் தேய்ந்துபோவதை விளக்கியது. கலையை வழிபாட்டுப் பிடியிலிருந்து விடுவித்து மக்களின் அரசியல் தேவைக்கு உரியதாக்கும் வாய்ப்பை அத்தேய்விலே அவர் கண்டார். முற்போக்கு விமர்சனத்துக்கு அவரது பங்களிப்பு மறுக்க இயலாதது.

எனினும் சதாசகாய மாதா படத்தின் வரலாறு பெஞ்சமினின் சூத்திரத்துள் முழுமையாக அடங்குவதில்லை. பிரெஞ்சுப் படையினர் றோமாபுரியைக் கைக்கொண்டிருந்த 1798இல் புனித மத்தேயு ஆலயம் இடிக்கப்பட்டது. அதன்பின்னர் அப்பலகை சிறிய கோயில்களிலே அதிகம் அறியப்படாமற் கிடந்தது. 1865இல் ஒன்பதாம் பத்திநாதர் அதனை இரட்சகர் சபையினரிடம் ஒப்படைத்தார். 1866 ஏப்பிரலில் அவர்களது புனித அல்போன்சு ஆலயத்தில் அது மீண்டும் நிறுவப்பட்டது. அவ்வாண்டிலே போலந்து ஓவியரான லெயோபோல்ட் நொவோட்னி அதனைச் செப்பனிட்டார். அதாவது இன்று மூலமாக மதிக்கப்படும் பரப்பிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கையொன்று உண்டு. அதன் பின்னரே, அச்சபையினர் கையால் வரைவித்த படிகளும் வண்ணக் கல்லச்சுப் படங்களும் நாடெங்கும் சென்றன. படிகள் சென்ற பின்னரே பலகைக்கு உலகப் புகழ் ஏற்பட்டது. ஒளிவட்டம் மூலத்திலிருந்து படிக்குப் பாய்ந்தது என்பதைவிடப் படிகள் தம்முள் ஈட்டிய ஒளியை மூலத்துக்குத் திருப்பிக் கொடுத்தன என்று கூறுவதே வரலாற்றுக்குப் பொருந்தும்.

கீழைத் திருச்சபையின் படக்கொள்கையும் இதற்கு இடமளிப்பதே. 787இல் கூடிய இரண்டாம் நிசேயாப் பொதுச்சங்கம், படத்துக்குச் செலுத்தும் வணக்கம் படம் குறிக்கும் ஆளைச் சென்றடைகின்றது என வரையறுத்தது. இக்கொள்கையின்படி மூலம் என்பது வேறொரு பலகையன்று; படத்திற் குறிக்கப்படும் ஆளே மூலம். ஆதலின் எல்லாப் பலகைகளும் அம்மூலத்திலிருந்து சம தூரத்தில் நிற்கின்றன. முன்னது பின்னது என்ற வேறுபாடு வழிபாட்டு நிலையில் இல்லை. மூலவரைத் தரிசித்தவர் உற்சவரைப் போலி என்று கூறுவதில்லை. ஊர்தோறும் எழுந்த கண்ணகி கோயில்களுள் ஒன்றை மற்றொன்றின் நகல் என்று மட்டக்களப்பார் எவரும் கருதுவதில்லை. இவ்வழிபாட்டுத் தருக்கம் எழுவான்கரையாருக்கு அந்நியமானதன்று.

3. பாடபேதம் என்னும் கருவி

ஆயினும் எல்லாப் படிகளும் சமமே என்று கூறி விட்டுவிடுவது சமயக் கொள்கையாகலாமே அன்றி விமர்சனமாகாது. விமர்சகன் படிகளிடையே உள்ள வேறுபாட்டைக் கண்டு அதற்குக் காரணம் கூறுதல் வேண்டும். இங்கேதான் நமது சுவடி மரபு கைகொடுக்கின்றது.

கண்ணகி வழக்குரை நமக்குக் கிடைத்தது எவ்வாறு? பண்டிதர் வி. சீ. கந்தையா அதனைப் பதிப்பித்து அச்சேற்றுவதற்கு முன்னர் அது ஏட்டிலிருந்து ஏட்டுக்கு எழுதப்பட்டு வந்தது. வைகாசியிற் கோயிற் கதவு திறக்கும் காலத்திலே பாடப்படும் பொருட்டு அதனை எழுதிக்கொண்டோர் தம்மைப் புலவராகக் கருதியோர் அல்லர். ஆயினும் அவர்களின்றி நூலில்லை. அவ்வாறு எழுதப்பட்ட ஏடுகளிடையே காணப்படும் வேறுபாட்டை நாம் 'பாடபேதம்' என்கின்றோம். தாமோதரம்பிள்ளையும் சாமிநாதையரும் பாடபேதங்களைக் குப்பையென்று எறிந்திருப்பின் இன்று நமக்குச் சங்க இலக்கியப் பதிப்பு இல்லை. பேதங்களை ஒப்புநோக்கி, எந்த ஏடு எதன் வழிவந்தது எனத் துணிந்து, எழுதியோரின் ஊரையும் காலத்தையும் வழக்கையும் உய்த்துணர்வது பதிப்பாசிரியரின் பணி. கைவரைபடங்களையும் அவ்வாறே ஏன் நோக்கலாகாது?

படியெடுக்கும் ஓவியத்தில் மூவகைப் பாடபேதங்களை வேறுபடுத்தலாம்.

முதலாவது, வழுவினால் எழுந்த பேதம். றோமாபுரிப் பலகையிலே 'இறைவனின் தாய்', 'யேசு கிறிஸ்து' என்பவற்றைக் குறிக்கும் கிரேக்கக் குறுக்கெழுத்துக்கள் உள்ளன. சம்மனசுகளின் பெயர்களும் அவ்வாறே குறிக்கப்பட்டுள்ளன. அவ்வெழுத்தை அறியாத ஓவியருக்கு அது எழுத்தன்று; கோலம். அவர் அதனைக் கண்டவாறே வரைய முயல்வார்; வரைகையில் அது சிதையும். பொருள் விளங்காத சொல்லை ஏடெழுதுவோர் எழுத்தெழுத்தாகப் பெயர்த்து எழுதுகையில் நேர்வதும் இதுவே. ஒரு வழு பின்வரும் படிகள் பலவற்றிற் காணப்படுமாயின் அவை ஒரே முன்மாதிரியைப் பார்த்து எழுந்தவை எனத் துணியலாம். வழுவே வழிமரபின் சான்றாகின்றது.

இரண்டாவது, திருத்தத்தால் எழுந்த பேதம். கிரேக்க மரபிலே குழந்தை யேசுவின் முகம் குழந்தை முகமாக இருப்பதில்லை. முதிர்ந்த, நெற்றி அகன்ற முகமாக இருக்கும். அது இறைஞானத்தைக் குறிப்பது. அம்மரபை அறியாத ஓவியருக்கு அது பிழையாகத் தோன்றும். கன்னத்தைத் திரட்டிப் பாலமுகமாக்கிவிடுவார். உடை மடிப்புக்களிலே பலகையில் உள்ள பொற்கோடுகளை நீக்கி நிழலும் ஒளியும் தந்து உருட்டுவதும் அவ்வாறானதே. மேலைத்தேய ஓவியப் பயிற்சியையோ நாட்காட்டிப் படங்களின் சுவையையோ உள்வாங்கிய கையின் செயல் இது. 1894இல் இரவிவர்மாவின் அச்சகம் தொடங்கிய காலம் முதல், கோவிற்பட்டிக் கொண்டையராசுவின் நாட்காட்டிப் படங்கள் வரை, தெய்வமுகம் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதைத் தமிழர் கண்களுக்கு அச்சுப் படங்கள் கற்பித்து வந்துள்ளன. அக்கல்வி கிறிஸ்தவப் படத்தின் வாயிலில் நின்றுவிடுவதில்லை.

மூன்றாவது, பொருளாலும் கருவியாலும் எழுந்த பேதம். கிரேத்துப் பட்டறையின் பலகை பதப்படுத்தப்பட்ட மரம், அதன்மேற் பசையும் சுண்ணமும் சேர்ந்த வெண்பூச்சு, முட்டை மஞ்சட்கருவிற் குழைத்த நிறம், பொற்றகடு, எல்லாவற்றுக்கும் மேலே எண்ணெய் மெருகு. விளம்பரப் பலகை எழுதும் ஓவியருக்கு வாய்ப்பது ஒட்டுப்பலகையும் தகரமும் கண்ணாடியும் எனாமல் வர்ணமும். எனாமல் விரைவில் உலரும். மெல்லிய படலங்களாக நிறத்தின்மேல் நிறம் ஏற்றுதற்கு இடந்தராது. ஆகவே முகத்தின் ஒளியை இரண்டு மூன்று நிறத்தட்டுக்களிற் காட்டுதல் வேண்டும். பொன் மஞ்சளாகும். முன்மாதிரிமேற் சதுரக் கட்டம் கீறிப் பெருப்பித்தோ, வெளிக்கோட்டின் வழியே தாளைத் துளையிட்டுக் கரித்தூள் தட்டியோ உருவை மாற்றுவர். இம்முறைகளைக் குறையென்று கூறுவோர், கரித்தூள் தட்டும் முறை ஐரோப்பிய மறுமலர்ச்சிக்காலச் சுவரோவியர்க்கும் உரியது என்பதை மறத்தல் கூடாது.

இம்மூவகைப் பேதங்களையும் தேறியறிந்த பின்னரே, ஒரு படி நல்லதா அல்லதா என்ற வினா எழும். அதற்கு அளவுகோல் மூலத்தோடு ஒத்திருக்கும் அளவன்று. கணினி அச்சு அவ்வளவில் எந்தக் கையையும் வென்றுவிடும். வரைந்தவர் படத்தின் பொருளை உணர்ந்து வரைந்தாரா என்பதே அளவுகோல். தொங்கும் செருப்பை இதற்கு உரைகல்லாகக் கொள்ளலாம். அதனை விளங்காத கை செருப்பை ஒழுங்காகக் காலில் மாட்டிவிடும். அல்லது பொருளற்ற ஒரு கறுத்த புள்ளியாக்கிவிடும். விளங்கிய கை, வேறெங்கு தவறினும், அதனைத் தவறவிடாது. தாயின் பார்வையும் அத்தகையதே. கருவிழி சிறிது இடம் பெயர்ந்தாலும் அவள் குழந்தையை நோக்கும் சாதாரணத் தாயாகிவிடுவாள். நம்மை வினவும் தாயாக இருக்கமாட்டாள். இலங்கையிற் பிறந்த கலைத்தத்துவ அறிஞர் ஆனந்த குமாரசுவாமி மரபுக் கலைஞனைப் பற்றிக் கூறிவந்ததன் சாரமும் இதுவே: மரபை ஏற்று வரைபவன் அடிமையல்லன், பொருளுணராது பிரதி செய்பவனே அடிமை.

4. சுதேசமயம் பற்றிய வினா

முற்போக்கு வாசகர் இவ்விடத்திலே நியாயமான ஓர் ஆட்சேபத்தை எழுப்புவர். றோமாபுரியின் படத்தையே மீளமீள வரைந்துகொண்டிருப்பது பண்பாட்டு அடிமைத்தனம் அன்றோ? நம் மண்ணின் முகத்தோடு கிறிஸ்துவையும் மாதாவையும் வரைந்தோர் இலரா?

உளர். கண்டித் திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்திலே டேவிட் பெயின்ரர் 1920களின் பிற்பகுதி முதலாகத் தீட்டிய சுவரோவியங்கள் அவ்வகையில் முன்னோடியானவை. அவரது சிலுவைப்பாடு கண்டல் மரங்கள் நிற்கும் சதுப்பு நிலத்தில் நிகழ்கின்றது. அங்குள்ள கிறிஸ்து தாடியற்ற, மாநிறத்து ஆசிய இளைஞன். கோவாவிற் பிறந்த அஞ்சலோ த பொன்சேக்கா சேலையுடுத்த மாதாவை வரைந்தார். 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர் இத்தகைய முயற்சிகளுக்குத் திருச்சபையின் ஆதரவும் பெருகிற்று. கண்டல் நிலம் வாவிக்கரையாருக்கு நன்கு பழக்கமானது. பெயின்ரரின் ஓவியம் அவர்களது நிலத்தை அவர்களுக்கே புனித நிலமாகக் காட்டக்கூடியது. இச்சாதனைகளின் பெறுமதியைக் குறைப்பது நமது நோக்கமன்று.

ஆனால் சுதேசமயம் என்பதை உடையிலும் நிறத்திலும் நிலக்காட்சியிலும் மட்டும் காண்பது மேலோட்டமான நோக்காகும். பெயின்ரரும் பொன்சேக்காவும் முறையான கலைக்கல்வி பெற்றோர். தாம் எதனை மாற்றுகின்றோம், ஏன் மாற்றுகின்றோம் என்பதைக் கோட்பாட்டு அறிவோடு தேர்ந்துகொண்டோர். விளம்பரப் பலகை ஓவியருக்கு அத்தேர்வுரிமை இல்லை. கோயிலார் கேட்பதை, கேட்டவாறு, பேசிய கூலிக்கு வரைந்து கொடுப்பவர் அவர். அவருடைய சுதேசத்தன்மை அவர் அறிந்து செய்யும் மாற்றத்தில் இல்லை. அவரது கை அறியாமற் செய்யும் பேதத்தில் உள்ளது. முன்னையதை நாம் கண்காட்சியில் வைத்துப் போற்றுகின்றோம்; பின்னையதை நாம் காண்பதே இல்லை. இது அழகியல் தீர்ப்பா, வர்க்கத் தீர்ப்பா என்பதை நாம் நம்மையே வினவிக்கொள்ளுதல் நன்று.

படியெடுத்தல் எக்காலத்தும் பணிந்துபோதல் ஆகாது என்பதற்கு இந்திய வரலாறு சான்று தருகின்றது. றோமாபுரிப் பெரிய மரியன்னை ஆலயத்தின் பழம் படத்தைப் படியெடுக்க யேசு சபைத் தலைவரான பிரான்சிசு போர்ஜியா 1569இல் அனுமதி பெற்றார். அவ்வழிவந்த படியொன்று 1580இல் பத்தேப்பூர் சிக்கிரிக்கு வந்த யேசு சபைக் குருக்களோடு அக்பரின் அவையை அடைந்தது. கொண்டுவந்தோரின் நோக்கம் மதமாற்றம். ஆனால் மொகலாய ஓவியர் அத்தகைய படங்களையும் செதுக்கோவியங்களையும் தமது பயிற்சிக்குரிய பொருளாக்கினர். 1600இல் அபுல் ஹசன் என்னும் சிறுவன், டியூரரின் சிலுவைப்பாட்டுச் செதுக்கோவியத்திலிருந்து அருளப்பரின் உருவை மட்டும் பெயர்த்து வரைந்தான். அப்போது அவனுக்கு வயது ஏறத்தாழ பதின்மூன்று. பின்னாளில் அவன் சகாங்கீரின் தலைசிறந்த ஓவியருள் ஒருவனானான். அவன் எடுத்துக்கொண்டது சமயத்தை அன்று, கோட்டை. அதிகாரத்தின் கையிலிருந்து வரும் படத்தை எளியவனின் கை தன் தேவைக்கேற்பப் பெயர்த்துக்கொள்ள இயலும். படியின் வரலாற்றில் இவ்விரு அசைவுகளும் ஒருங்கே நிகழ்கின்றன.

5. பார்ப்போர் எழுதும் பேதம்

பாடபேதம் கையால் மட்டும் எழுவதன்று, கண்ணாலும் எழும். படம் மாறாதிருப்பினும் பார்ப்போரின் வாழ்வு மாறுகையில் அதன் பொருள் மாறும்.

சதாசகாய மாதா படத்தின் உட்பொருள், தன் பிள்ளை வதைபடப்போவதை அறிந்தும் தடுக்க இயலாத தாயின் துயரம். கிரேக்கத் திருச்சபை இவ்வகைப் படத்தைப் பாடுகளின் மாதா என்றே வழங்கும். மேலைத் திருச்சபை அதற்கு இட்ட 'இடைவிடாச் சகாயம்' என்னும் பெயர் அத்துயரத்தைப் பின்தள்ளி உதவியை முன்னிறுத்தியது. நவநாள்களிலே வேண்டுதலும் நன்றியறிதலும் பெருகப் பெருக, வதைக் கருவிகள் கண்ணுக்குத் தெரிந்தும் கருத்துக்குத் தெரியாத அணிகலன்கள் போலாயின.

எழுவான்கரையிலோ அக்கருவிகளை அணிகலனாக நெடுங்காலம் காண முடியவில்லை. 1990ஆம் ஆண்டினை இப்பிரதேசத்துத் தாய்மார் மறவார். அவ்வாண்டு யூலையிலே குருக்கள்மடத்தில் முஸ்லிம் பயணிகள் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டனர். செப்டெம்பரிலே வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டு மீளாதொழிந்தனர். முன்னதற்குத் தமிழ் ஆயுதக் குழுவும் பின்னதற்கு அரச படையும் பொறுப்பு. பிள்ளையைத் தேடிய தாய்க்கு இவ்வேறுபாட்டால் ஆறுதல் இல்லை. மதத்தாலும் இனத்தாலும் வேறுபட்ட அத்தாய்மார் கையில் ஏந்தியதும் ஒரு படமே: பிள்ளையின் ஒளிப்படம். பார்ப்போரை நேராக நோக்கும் தாயும், அவள் கையிலிருக்கும் பிள்ளையின் உருவும் என்ற அமைப்பு, பலகையிலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்த காட்சி அது. ஆழிப்பேரலை வந்த 2004 டிசெம்பர் 26 இன்னொரு கூட்டத் தாய்மாரை அவ்வரிசையிற் சேர்த்தது.

இவ்வாறு நோக்குமிடத்து, மதுரையின் அரசவையிலே நீதி கேட்டு நின்ற கண்ணகியின் கதையை ஆண்டுதோறும் பாடிவரும் செட்டிபாளையத்தார்க்கு இப்படத்தின் தாய் அந்நியள் அல்லள். இருவரும் அநீதியான கொலைக்குச் சாட்சிகள். ஒருத்தி வாய்திறந்து வழக்குரைத்தாள். மற்றவள் வாய்திறவாது பார்வையால் வழக்குரைக்கின்றாள். இரு வழிபாடுகளும் ஒன்றென நாம் கூறவில்லை. ஒரு நிலத்து மக்கள் தம் துயரத்துக்கு வடிவந்தேடுகையில் இரண்டும் அவர்களுக்கு எட்டும் தூரத்தில் இருந்தன என்பதே நாம் கூறுவது. வழிபாடு அத்துயரத்தை ஆற்றி அடக்கிவிடவும் கூடும். நீதிக்கான கோரிக்கையாக நிமிர்த்திவிடவும் கூடும். எது நிகழ்கின்றது என்பதைப் படம் தீர்மானிப்பதில்லை; மக்கள் இயக்கமே தீர்மானிக்கின்றது.

6. செய்யவேண்டுவன

கடற்காற்றின் உப்பும், வாவியின் ஈரமும், மெழுகுதிரிப் புகையும், கறையானும் கைவரைபடத்தின் இயல்பான பகைவர். போரும் ஆழிப்பேரலையும் வரலாறு கொணர்ந்த பகைவர். இவை அனைத்துக்கும் தப்பியதை இன்று அழிப்பது 'புதுப்பித்தல்'. பழைய கைவரைபடத்தின்மேற் புது எனாமல் பூசுவது ஏட்டின்மேல் மைபூசுவதற்கு ஒப்பானது. அதனை எறிந்துவிட்டு அச்சுப்படம் மாட்டுவது, நூல் அச்சாகிவிட்டது என்று ஏட்டை ஆற்றில் விடுவதற்கு ஒப்பானது. ஏட்டை ஆற்றில் விட்டதால் நாம் இழந்தவற்றை இன்னும் எண்ணி முடிக்கவில்லை.

அச்சுப்படத்தின்மீது நமக்குப் பகையில்லை. ஏழையின் வீட்டுக்கு மாதாவையும் முருகனையும் மக்காவையும் கொண்டுசென்றது அச்சே. அதன் சனநாயகப் பண்பைப் பெஞ்சமின் சரியாகவே கண்டார். ஆனால் அச்சுப்படத்திற் பாடபேதம் இல்லை. ஆயிரம் அச்சுப்படங்களை ஒப்புநோக்கினும் அவை ஓர் ஊரைப் பற்றியோ ஒரு கையைப் பற்றியோ ஒரு காலத்தைப் பற்றியோ எதையும் கூறமாட்டா. கைவரைபடம் ஒவ்வொன்றும் அம்மூன்றையும் கூறும்.

ஆகவே பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் நுண்கலைத் துறைகளும், குறிப்பாகக் கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும், வாவிக்கரையின் கோயில்களிலும் வீடுகளிலும் எஞ்சியுள்ள கைவரைபடங்களைச் சமய வேறுபாடின்றிப் பதிவுசெய்ய முன்வருதல் வேண்டும். படத்தின் அளவு, பரப்பு, வர்ணம், முன்மாதிரி, பாடபேதங்கள், வரைவித்தோர், வரைந்தவர், கொடுத்த கூலி ஆகியன குறிக்கப்படுதல் வேண்டும். வரைந்தவரின் பெயரைத் தேடுவதே இப்பணியின் உயிர்நாடி. ஏட்டின் இறுதியில் எழுதியவர் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்துத் தம் பிழை பொறுக்குமாறு வேண்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. கோயிற் படம் வரைந்தவருக்கு அவ்வுரிமையும் கிடைத்ததில்லை. படத்தை அளித்த உபயகாரரின் பெயரே அடியில் எழுதப்படும்.

1499இல் எழுநூறு படங்களுக்கு ஒப்பந்தம் செய்த கந்தியா ஓவியர் மூவரின் பெயர்கள், சட்ட ஆவணம் ஒன்று தப்பியதால், இன்றும் நிலைத்துள்ளன. ஐந்நூறாண்டுகளுக்குப் பின்னர், அதே தாயை எனாமலில் வரைந்த வாவிக்கரை ஓவியரின் பெயர் நிலைக்க வேண்டுமாயின், அவரை அறிந்தோர் உயிரோடிருக்கும் இத்தலைமுறையிலேயே அது எழுதிவைக்கப்படல் வேண்டும்.